எர்ணாவூரில் ஒரு பனிச்சறுக்குக் கடை

பாரி வேலையை விட்டுப் போன மறுவாரம், மேனேஜர் கிருஷ்ணப்பன் செங்கொடியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, செங்கல் கனத்தில் ஒரு புத்தகத்தையும் இரண்டு சிடிக்களையும் மேசைமேல் தள்ளினார். 2002-ஆம் வருஷம், ஜூன் மாதம். கத்திரி முடிந்தும் வெயில் முடியாத நாட்கள்.

"நீ பி.எஸ்சி. கம்ப்யூட்டர்தான படிச்ச?" என்றார்.

அது அவருக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். இரண்டு வருஷமாக அவளே நாலைந்து தடவை அவரிடம் வந்து, புரோகிராம் எழுதுகிற வேலை ஏதாவது இருந்தால் தனக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியவர்தான்.

எர்ணாவூரில் சாலையை ஒட்டி இருந்த அந்த கன்டெய்னர் யார்டில் செங்கொடிக்கு டேட்டா என்ட்ரி வேலை. உள்ளே வருகிற, வெளியே போகிற ஒவ்வொரு டிரெய்லரின் எண்ணையும், அது சுமந்த கன்டெய்னரின் எண்ணையும், சீல் எண்ணையும், நேரத்தையும் கேட் கிளார்க் பரசுராமன் பெரிய ரெஜிஸ்டரில் எழுதுவார். பிறகு அதையே கேட் பாஸில் எழுதி, கார்பன் வைத்து மூன்று படி எடுத்துக் கொடுப்பார். மறுநாள் அந்த ரெஜிஸ்டர் பக்கங்களை செங்கொடி கம்ப்யூட்டரில் தட்டுவாள். நேற்று போன லாரியை இன்றைக்குத் தட்டி யாருக்கு என்ன பிரயோஜனம் என்று அவள் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்வாள். வெளியே திருவொற்றியூர் பக்கமாக டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள்.

இதை மாற்றத்தான் தலைமை அலுவலகம் பாரியை வேலைக்கு எடுத்தது. கேட் பாஸ் கம்ப்யூட்டரிலேயே வர வேண்டும், இரண்டு கேட்டிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்க வேண்டும், யார்டில் எந்த கன்டெய்னர் எங்கே இருக்கிறது என்பது தலைமை அலுவலகத்திலிருந்தே தெரிய வேண்டும். ஜாவாவில் பெரிய நிறுவனங்கள் எல்லாம் இப்படித்தான் செய்கின்றன என்று பாரி சொன்னான். அதற்கென்று ஒரு சர்வர் மென்பொருளை வாங்கினார்கள். பாரி இரண்டு வாரம் யார்டின் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்திருந்தான். இரண்டாவது வெள்ளிக்கிழமை, தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஹென்றி சாருக்கும் மேனேஜருக்கும் புத்தகத்தில் இருந்த மாதிரி அப்ளிகேஷனை ஓட்டிக் காட்டினான். இரண்டு பேருக்கும் திருப்தி. திங்கட்கிழமை அவன் வரவில்லை. கிண்டிப் பக்கம் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று புதன்கிழமை தெரிந்தது.

"பாரி ரெண்டே வாரத்துல ஓட்டிக் காட்டிட்டுப் போயிட்டான். மிச்சம், அதை நம்ம கேட் பாஸா மாத்துறதுதான்" என்றார் கிருஷ்ணப்பன். "ஆறு வாரம் டைம் வாங்கி வச்சிருக்கேன்."

அன்று சாயங்காலம் விம்கோ நகரில் ரயிலேறி கொருக்குப்பேட்டையில் இறங்கும்வரை செங்கொடி அந்தப் புத்தகத்தை மடியிலேயே வைத்திருந்தாள். நிற்க இடமில்லாத கூட்டத்தில் உட்கார இடம் கிடைத்ததுகூட அன்று அவளுக்கு நல்ல சகுனமாகத்தான் பட்டது.

மறுநாள் காலையில் சந்தோஷம் போய்விட்டது.

யார்டின் கம்ப்யூட்டர் அறை என்பது ஒரு பழைய கன்டெய்னர். பக்கவாட்டில் ஜன்னல் வெட்டி, உள்ளே பிளைவுட் அடித்து, ஏசி பொருத்தியிருந்தார்கள். வெளியே கன்டெய்னர் தூக்கும் வண்டி போகும்போதெல்லாம் மேசை நடுங்கும். கடற்காற்றுக்குக் கீபோர்டின் ஆணிகள்கூடத் துருப்பிடித்திருந்தன. அங்கிருந்த கம்ப்யூட்டருக்கு, ரெஜிஸ்டரைத் தட்டும் அளவுக்குத்தான் தெம்பு. பாரி வாங்கி வைத்த சர்வரை அதில் கிளப்பினால், கறுப்புத் திரையில் வரிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்து, முழுதாக எழுந்து நிற்க ஒன்பது நிமிடம் ஆனது. செங்கொடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். ஒரு எழுத்தை மாற்றினாலும் சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். மறுபடி ஒன்பது நிமிடம். ஒரு நாளைக்கு எத்தனை தப்பு செய்யலாம் என்பதற்கே ஓர் அளவு வந்துவிட்டது.

புத்தகத்தின் மாதிரி அப்ளிகேஷன் ஒரு பனிச்சறுக்குக் கடை. பனிமலையில் சறுக்கி விளையாடுவதற்கான கட்டைகளையும் பூட்ஸ்களையும் இணையத்தில் விற்கிற கடை. கட்டையைத் தேர்ந்தெடுக்கலாம், கூடையில் போடலாம், ஆர்டர் செய்யலாம். எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஜன்னலில் படிந்திருக்க, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு அடியில் பிளாஸ்டிக் வாளியை வைத்துவிட்டு, அவள் பனியில் நடக்கிற பூட்ஸின் அளவுகளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

'பைண்டிங்' என்ற சொல்லில் ஒரு நாள் முழுக்கப் போயிற்று. புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் பைண்டிங். ஒரு பெயரை ஒரு பொருளோடு சர்வரில் கட்டிவைப்பதற்கு அந்தச் சொல் என்று ஆறாவது அத்தியாயம் சொன்னது. ஏழாவது அத்தியாயத்தில் பைண்டிங்கின் நிறம், எடை, அளவு என்று வந்தது. பெயரைக் கட்டுவதற்கு நிறம் எதற்கு என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டாள். பூட்ஸைக் கட்டையோடு மாட்டுகிற கொக்கிக்கும் அதே பெயர்தான் என்று பின்னட்டைக்குப் பக்கத்தில் இருந்த சொல்லடைவைப் பார்த்த பிறகே தெரிந்தது. தனியாகச் சிரித்தாள். அப்புறம் ஒரு நாள் வீணாய்ப் போனதை நினைத்து எரிச்சல் வந்தது.

ஆனாலும் அந்த முதல் வாரத்தில் அவளுக்குக் கொஞ்சம் பிடிபட்டது. இதுவரை கல்லூரியில் அவள் எழுதிய புரோகிராம்கள் எல்லாம் ஒரே ஆள் சமைத்து, பரிமாறி, பாத்திரம் கழுவுகிற மாதிரி. இங்கே அப்படி இல்லை. திரையைக் காட்டுகிற பகுதி தனி, கணக்குவழக்கைப் பார்க்கிற பகுதி தனி, தகவல்களைச் சேர்த்துவைக்கிற பகுதி தனி. ஒன்றுக்கொன்று முகம் தெரியாது. எது வேண்டுமானாலும் சர்வரிடம் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். எந்தப் பெயருக்கு எது என்பதை ஒரு சிறிய ஃபைலில் எழுதிவைத்துவிட்டால், சர்வர் அதைப் படித்து எடுத்துக் கொடுக்கும். யார்டில் எந்த கன்டெய்னர் எந்த வரிசையில் எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்று கிரேன் ஓட்டுநருக்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள். அதே மாதிரிதான். நல்ல ஏற்பாடு என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

இரண்டாவது வாரத் திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி சர்வரில் ஏற்றினாள். ஒன்பது நிமிடம் காத்திருந்தாள். பிரவுசரைத் திறந்து கடையின் முகவரியைத் தட்டினாள். வெள்ளைப் பக்கத்தில் ஐம்பது அறுபது வரிப் பிழைச் செய்தி வந்தது. அதன் தலைப்பில் இருந்தது ஒன்றுதான்: பெயர் கிடைக்கவில்லை.

எந்தப் பெயர் என்றும் அதிலேயே இருந்தது. அந்தப் பெயரை அவள் ஃபைலில் எழுதித்தான் வைத்திருந்தாள். எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தாள். பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்று பார்த்தாள். அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். புத்தகத்தின் சிடியிலிருந்து அப்படியே எடுத்து வைத்தாள். சர்வரையே முழுதாக நீக்கிவிட்டு மறுபடி நிறுவினாள். பெயர் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கிடைக்கவில்லை. புதன்கிழமை கிடைக்கவில்லை. வியாழக்கிழமை மதியம் காலடிப்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், உலகத்தில் யார் யாரோ கேள்வி கேட்கிற ஓர் இணையப் பக்கத்தில் தன் பிழைச் செய்தியை எழுதிப்போட்டாள். மறுநாள் போய்ப் பார்த்தபோது ஒரே ஒருவர் பதில் எழுதியிருந்தார். புத்தகத்தைப் படிக்கவும் என்று.

கிருஷ்ணப்பன் தினமும் பதினோரு மணிக்கு வந்து எட்டிப் பார்ப்பார். கதவைப் பாதி திறந்து, ஏசிக் காற்று வெளியே போகப் போக அங்கேயே நின்றுகொண்டு, பாரி இரண்டு வாரத்தில் ஓட்டினானே என்பார். திட்டுகிற குரலில் சொல்லமாட்டார். உண்மையாகவே புரியாமல் கேட்கிற மாதிரி கேட்பார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்று இருந்தது. இதற்கு நடுவில் ரெஜிஸ்டர் பக்கங்களையும் அவள்தான் தட்ட வேண்டியிருந்தது. அவை மேசையின் ஓரத்தில் மலையாகக் குவிந்தன.

பரசுராமனுக்கு இந்த வேலையின் மேல் நல்ல எண்ணம் கிடையாது. முப்பது வருஷமாகக் கையால் எழுதுகிறவர். அச்சடித்த மாதிரி எழுத்து. "இன்னா மா, உன் பொட்டி பேச ஆரம்பிச்சிச்சா?" என்று டீ குடிக்க வரும்போது கேட்பார். இல்லண்ணா என்பாள். அவர் தலையாட்டிவிட்டுப் போவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் செங்கொடி சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வரலட்சுமிக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அன்றைக்கு மதிய ஷிப்டு. மகள் ஒரு வாரமாகவே சரியில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தவள், கடைசியில் கேட்டுவிட்டாள்.

"இன்னாதான்டி பேஜாரு உனக்கு? வாயத் தொறந்து சொல்லு."

சொன்னால் உனக்குப் புரியாதும்மா என்று செங்கொடி சொல்லிப் பார்த்தாள். அம்மா விடவில்லை. வேறு வழியில்லாமல், பொருள் உள்ளே இருக்கிறது, பெயரும் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் கூப்பிட்டால் இல்லை என்கிறது என்று சொன்னாள்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "பெட்டுல ஆள் கீது, நோட்டுல பேரும் கீது, டூட்டி நர்சு இல்லேன்றா. அதான?"

"ஆமா."

"அப்ப மொதல்ல இருந்தவன் எப்டி கூப்ட்டான்னு பாக்க வேண்டியதுதான?"

அதற்கு அவன்தான் இல்லையே என்று எரிந்து விழுந்தாள் செங்கொடி. ஒரு கவளம்கூட வாயில் வைக்காமல் எழுந்து கை கழுவினாள். அம்மா தட்டை எடுத்து மூடிவைத்தாள்.

ஆனால் திங்கட்கிழமை அறைக்குள் நுழைந்ததும் அவள் செய்த முதல் வேலை, பாரி விட்டுப்போன ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததுதான். அவன் எப்படி எழுதியிருக்கிறான் என்று பார்த்துவிட்டால் போதும். பாட்டு, சினிமா நடிகைகளின் படங்கள், அவனுடைய பயோடேட்டா ஏழு விதமாக. அவற்றுக்கு நடுவில் டெமோ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே ஒன்பது ஃபைல்கள். முதலாவதை அழுத்தினாள்.

பனிச்சறுக்குக் கடை திறந்தது. நீல மலை, வெள்ளைப் பனி, கட்டைகளின் படங்கள். ஒரு கட்டையை அழுத்தினாள், கூடைக்குள் போயிற்று. ஆர்டர் செய்தாள். நன்றி, உங்கள் ஆர்டர் எண் 1007 என்று வந்தது. திரும்பிப் போய் வேறு கட்டையை எடுத்து ஆர்டர் செய்தாள். நன்றி, 1007. பூட்ஸ் வாங்கினாள். அதற்கும் 1007.

அப்போதுதான் அவள் இன்னும் சர்வரையே கிளப்பவில்லை என்பது உறைத்தது.

அவை வெறும் பக்கங்கள். புத்தகத்தின் சிடியில் கடை எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகக் கொடுத்திருந்த படப் பக்கங்களை எடுத்து, ஒன்றை அழுத்தினால் இன்னொன்று வருகிற மாதிரி பாரி கோத்து வைத்திருந்தான். பின்னால் சர்வரும் இல்லை, ஒன்றும் இல்லை. கல்யாண மண்டபத்து வாசலில் வைக்கிற அட்டைக் கோபுரம் மாதிரி. இதைத்தான் ஹென்றி சார் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறார். இதை வைத்துத்தான் தினமும் பதினோரு மணிக்கு அவளுக்குக் கேள்வி வந்துகொண்டிருந்தது.

மதியம் யார்டுக்கு எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்குப் போனாள். கிண்டி கம்பெனியின் எண்ணை ஆபீஸ் பியூனிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாரி லைனில் வந்தான்.

"எர்ணாவூர் யார்டு செங்கொடி பேசறேன். நீங்க காட்டுன டெமோவுல சர்வரே இல்லையே?"

அவன் தாழ்ந்த குரலில் பேசினான். "நானும் பத்து நாளு முட்டிக்கினு பாத்தேங்க. பேரு கெடைக்கல, பேரு கெடைக்கலன்னு அதே எர்ரரு. வெள்ளிக்கிழமை ஹென்றி வர்றாருன்னு மேனேஜர் தலை மேல நின்னுகினு கீறாரு. இன்னா பண்ண சொல்றீங்க?"

"ஓடலன்னு சொல்லிட்டாவது போயிருக்கலாம்."

"சொன்னா ஓடிடுமா? நீங்களும் அத்தயே காட்டுங்க. ஒருத்தனுக்கும் தெரியாது."

அவள் போனை வைத்துவிட்டாள். சாலையைக் கடக்க முடியாமல் டிரெய்லர் வரிசைக்கு முன்னால் நின்றபோது, கோபத்தோடு கூடவே, சொன்னால் வெட்கம் என்கிற மாதிரி ஒரு நிம்மதியும் வந்தது. அவனுக்கும் வரவில்லை. இத்தனை நாள் அவள் தன்னைத்தானே மக்கு என்று திட்டிக்கொண்டிருந்தாள்.

கிருஷ்ணப்பனிடம் நேரே போய்ச் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வேறு யாரிடமாவது இதைச் சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றாள். யாரிடமும் சொல்லாதே என்றார். ஓடுகிறது என்று தலைமை அலுவலகத்துக்கு அவர் எழுத்தில் கொடுத்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது, அடுத்த பேச்சு வரும்வரை.

"முடிஞ்ச வரைக்கும் ஓட வை. எதுக்கும் அந்தப் பக்கங்களை நம்ம கேட் பாஸ் மாதிரி மாத்தி ஒரு ஓரமா வச்சுக்கோ. ஹென்றி வர்ற அன்னிக்கு ஓடலேன்னா அதைக் காட்டிடலாம்."

சரி சார் என்றுதான் சொன்னாள்.

அந்தப் பக்கங்களை மாற்ற அரை நாள்தான் ஆயிற்று. பூட்ஸ் இருந்த இடத்தில் கன்டெய்னர், ஆர்டர் எண் இருந்த இடத்தில் பாஸ் எண். பார்க்க அழகாகவே இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

புதன்கிழமை பிழை அகப்பட்டது. அகப்பட்ட விதத்தில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல், சர்வரின் சிடியிலேயே ஒரு மூலையில் கிடந்த வேறொரு குட்டி உதாரணத்தை எடுத்து ஓட்டினாள். வணக்கம் என்று மட்டும் சொல்கிற உதாரணம். அது ஓடியது. அதைப் பிரித்து, தன்னுடையதோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் ஒன்றுபோல இருந்தன. ஒன்றைத் தவிர. பெயர்களை எழுதிவைக்கிற அந்தச் சின்ன ஃபைலின் பெயரே வேறாக இருந்தது. புத்தகம் சர்வரின் பழைய பதிப்புக்கு எழுதப்பட்டது. இவர்கள் வாங்கியதோ புதியது. புதிய பதிப்பில் அந்த ஃபைலுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். பழைய பெயரில் அவள் எழுதி வைத்ததை சர்வர் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

ஃபைலின் பெயரை மாற்றினாள். சர்வரைக் கிளப்பினாள். ஒன்பது நிமிடம். கடை திறந்தது. ஆர்டர் செய்தாள்: 1. மறுபடி செய்தாள்: 2. மூன்றாவது ஆர்டருக்கு 3 வந்தபோது அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஒரு ஃபைலின் பெயருக்குப் பத்து நாள் போயிருக்கிறது.

பிறகு மூன்று வாரம் கடையைப் பிரித்து யார்டாக மாற்றினாள். வாடிக்கையாளர் டிரைவர் ஆனார், கூடை டிரெய்லர் ஆனது, ஆர்டர் கேட் பாஸ் ஆனது. எந்த எண் கட்டாயம், எது இல்லாமலும் வண்டி உள்ளே வரலாம் என்று பரசுராமனிடம் போய்ப் போய்க் கேட்டாள். அவர் முதலில் முறைத்தார். இரண்டாவது வாரத்தில், சீல் உடைந்து வருகிற கன்டெய்னரைப் பற்றி நீ கேட்கவே இல்லையே என்று அவராகவே வந்து சொன்னார். அதற்கு ஒரு தனிப் பக்கம் சேர்க்க வேண்டியிருந்தது. நாலு நாள் போயிற்று. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று முறிந்தது. ரெஜிஸ்டர் பக்கங்கள் தட்டப்படாமல் தரையில் அடுக்கப்பட்டன.

ஹென்றி வருகிற அன்று காலை பத்தே முக்காலுக்குக் கரண்ட் போயிற்று. யுபிஎஸ் மூன்று நிமிடம் கத்திவிட்டு அடங்கியது. பதினோரு மணிக்குக் கரண்ட் வரவும் அவருடைய கார் கேட்டுக்குள் நுழையவும் சரியாக இருந்தது. செங்கொடி சர்வரைத் தட்டிவிட்டு எழுந்து நின்றாள். ஹென்றி ராயபுரத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, அதிகம் பேசாதவர். உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிருஷ்ணப்பன் அவள் காதருகே குனிந்து, அந்தப் பக்கங்களைத் திற என்றார்.

மவுஸின் மேல் அவள் கை இருந்தது. ஃபோல்டர் திரையிலேயே இருந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும்.

"சார், கரண்ட் போய் வந்துச்சு. சர்வர் எழுந்திருக்க ஒம்பது நிமிஷம் ஆவும்" என்றாள் ஹென்றியிடம்.

"போன தடவை உடனே வந்துச்சே."

கிருஷ்ணப்பன் ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஐந்து வாரமும் அந்த அறைக்குள்ளேயே தான் வெந்து கிடந்ததைச் செங்கொடி நினைத்துக்கொண்டாள்.

"போன தடவை காட்டுனதுல சர்வர் இல்ல சார். வெறும் பக்கம்தான். ஓடல."

ஹென்றி கிருஷ்ணப்பனைப் பார்த்தார், பிறகு கறுப்புத் திரையில் ஊர்ந்து வருகிற வரிகளைப் பார்த்தார். டீ சொல்லுங்க என்றார். டீ வந்தது. மூன்று பேரும் குடித்தார்கள். ஒன்பது நிமிடம் பதினொன்று ஆனது. வெளியே கன்டெய்னர் ஒன்று இறங்கி, மேசை அதிர்ந்தது. கடைசியில் சர்வர் எழுந்தது.

கேட்டில் நின்ற ஒரு நிஜ டிரெய்லரின் விவரங்களை அவள் தட்டினாள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று பாஸை அடித்துத் தள்ளியது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஹென்றி அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு கிருஷ்ணப்பனை இரண்டாவது கேட்டுக்கு அனுப்பி, அங்கிருக்கிற கம்ப்யூட்டரில் இதே நேரத்தில் இன்னொரு வண்டியைப் பதியச் சொன்னார். போனில் சொல்லி, இரண்டு பேரும் ஒன்றாக அழுத்தினார்கள்.

இரண்டு பாஸ்கள் வந்தன. இரண்டிலும் ஒரே எண்.

"ரெண்டு வண்டிக்கும் ஒரே நம்பரா?" என்றார் ஹென்றி.

பார்த்த கணத்திலேயே அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. மாதிரிக் கடை, கடைசி ஆர்டர் எண் என்ன என்று பார்த்து, அதோடு ஒன்றைக் கூட்டி அடுத்த எண்ணைத் தருகிறது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் பார்த்தால் இரண்டு பேருக்கும் அதே கடைசி எண்தான் தெரியும். படிக்கிறவர்களுக்காக எளிமையாக எழுதிய இடம். அவளும் அதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் இருந்ததே என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டாள். என் தப்புதான் சார் என்று சொல்லி, என்ன தப்பு என்பதையும் விளக்கினாள். ஹென்றி கடைசிவரை கேட்டார். என்ன தப்பு, சரிசெய்ய எத்தனை நாள் ஆகும் என்று எழுதி அனுப்பு என்று சொல்லிவிட்டு, இரண்டு பாஸ்களையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நன்றாக இருந்தது என்றோ, இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கிருஷ்ணப்பன் அதன் பிறகு நாலு நாள் அவளோடு பேசவில்லை. பதினோரு மணிக்கும் வரவில்லை. எண் கொடுக்கிற இடத்தை அவள் இரண்டே நாளில் மாற்றிவிட்டாள். பியூனை இரண்டாவது கேட்டில் உட்காரவைத்து, இரண்டு பேருமாக ஒரே நேரத்தில் இருபது தடவை அழுத்திப் பார்த்தார்கள், ஒரு தடவைகூட ஒரே எண் வரவில்லை. அதை ஹென்றிக்கு எழுதி அனுப்பினாள், நேரில் சொல்ல யாரும் இல்லை. தரையில் கிடந்த ரெஜிஸ்டர் பக்கங்களை எடுத்து வைத்துத் தட்ட ஆரம்பித்தாள்.

ஐந்தாம் நாள் அவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவளைப் பார்க்காமல், வாளியைப் பார்த்துக்கொண்டே, இரண்டு கேட்டில் ஏற்றுமதி கேட்டில் மட்டும் அவளுடைய புரோகிராமைத் திங்கட்கிழமையிலிருந்து வைத்துப் பார்க்கச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறது என்றார். போகும்போது, "என்னை அங்க அப்படி நிக்க வச்சிருக்க வேண்டாம் நீ" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிற மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

திங்கட்கிழமை ஆறு மணிக்கே வந்து சர்வரைக் கிளப்பினாள். கேட்டில் கம்ப்யூட்டருக்கு முன்னால் அவள் உட்கார, பரசுராமன் பக்கத்தில் நின்று கன்டெய்னர் எண்களை வாய்விட்டுப் படித்தார். முதல் பாஸைக் கையில் வாங்கிய டிரைவர் இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு, நம்பிக்கை இல்லாமல் வண்டியை எடுத்தார். பத்து, ஐம்பது, நூறு. எப்போதும் சாலைப் பாலம்வரை நிற்கும் வரிசை மதியம்வரை பாலத்தை எட்டவில்லை என்று யாரோ வந்து சொன்னார்கள். பரசுராமன் நடுவில் ஒரு தடவை, அவள் தப்பாகத் தட்டிய ஒரு எண்ணைத் திரையிலேயே கண்டுபிடித்துச் சொன்னார்.

நூற்று நாற்பத்தொன்றாவது டிரெய்லரோடு எல்லாம் நின்றுபோயிற்று. மூன்று மணி பத்து நிமிடம். அழுத்தினால் மணல்கடிகாரம் மட்டும் சுற்றியது. அவள் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடிவந்து பார்த்தபோது கறுப்புத் திரை உறைந்து நின்றது. மறுபடி கிளப்பினாள். ஒன்பது நிமிடம். அதற்குள் கேட்டில் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. கிளம்பிய சர்வர் மூன்று பாஸ் கொடுத்துவிட்டு மறுபடி விழுந்தது.

திரும்பி கேட்டுக்குப் போனாள். டிரைவர்கள் கேட் அறையைச் சூழ்ந்து நின்றார்கள். காலையிலேர்ந்து நல்லாத்தான கீது, இப்போ இன்னா ஆச்சு உன் பொட்டிக்கு என்று ஒருவர் கேட்டார். பரசுராமன் அலமாரியைத் திறந்து ரெஜிஸ்டரை எடுத்தார். கார்பனை வைத்தார். அவர் முகத்தில் பார்த்தியா என்கிற மாதிரி ஏதாவது இருக்கும் என்று அவள் தயாராகவே இருந்தாள். அவர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே, வரிசையில் முதல் ஆளை வரச் சொல்லிக் கையசைத்தார்.

"நாளைக்கு எத்தினி மணிக்கு ஸ்டார்ட் பண்ணுவ?" என்று மட்டும் கேட்டார்.

தெரியவில்லை அண்ணா என்றாள். நிஜமாகவே தெரியவில்லை. அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. கம்ப்யூட்டர் அறைக்கு வந்து வாளியைக் கவிழ்த்து வெளியே ஊற்றிவிட்டு, மறுபடி ஏசிக்கு அடியில் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, சர்வர் விழுவதற்கு முன் எழுதிவைத்த பதிவைத் திறந்தாள். நூற்றுக்கணக்கான வரிகள். கீழே இருந்து மேலே போனாள். நினைவகம் தீர்ந்துவிட்டது என்று சொன்னது. ஒவ்வொரு பாஸுக்கும் எதையோ எடுத்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்தும் விடாமல், மறுபடி கிளப்பியதும் அத்தனையையும் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது. எதை என்று சொல்லவில்லை.

இந்த ஏழு வாரத்தில் அவள் இந்தப் பிழையைப் பார்த்ததில்லை. புத்தகத்தை எடுத்துச் சொல்லடைவில் தேடினாள். அதிலும் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, எங்கிருந்து மெதுவாக ஆனது என்று பார்க்க, காலையிலிருந்து எத்தனையாவது பாஸுக்கு எத்தனை நேரம் ஆயிற்று என்று நினைவிலிருந்து எழுத ஆரம்பித்தாள். வெளியே ஹாரன்கள் இன்னும் அடங்கவில்லை.